மணமக்கள் மேல் எதைத் தூவப் போகிறோம்?

என் அக்கா மகளுக்கு வரும் ஆவணியில் கல்யாணம். இங்கே மொரீஷியஸில்தான், காலையில் குவாத்ர் போர்னில் கோவிலில் தாலி கட்டு, மதியம் மாப்பிள்ளை வீட்டு முறைப்படி சர்ச்சில் ஆசீர்வாதம், சாயங்காலம் ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரை ஹோட்டலில் வரவேற்பு. மாப்பிள்ளை குடும்பம் ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல் கத்தோலிக்கக் குடும்பம், நல்ல மனிதர்கள். மண்டபம், புடவை, வாழை இலையில் ஏழு கறி, வாத்தியம் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசியாயிற்று. மணமக்கள் மேல் எதைத் தூவுவது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தான் நடக்கிறது, கடைசி வாரத்தில் யாரோ ஒருவர் கடைக்குப் போய் மினுமினுக்கும் பாக்கெட் ஐந்தாறு வாங்கி வந்து நீட்டுவார், எல்லோரும் வாங்கி வீசுவார்கள், அத்துடன் அந்த விஷயம் முடிந்தது என்று நினைப்போம்.

இந்த முறை அப்படி விட எனக்கு மனமில்லை. மகள் என்னிடம் "சித்தி, கன்ஃபெட்டி வேணும், போட்டோ நல்லா வரணும், ஆனா ஹோட்டல்ல கூடாதுன்னு எழுதியிருக்காங்க, என்ன செய்யலாம்?" என்று கேட்டதிலிருந்து இந்தக் கன்ஃபெட்டியைப் பற்றித்தான், அதாவது மணமக்கள் மேல் தூவுகிற சின்னத் துணுக்குகளைப் பற்றித்தான், படித்துக்கொண்டும் செய்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: எதைத் தூவுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அது எங்கே போய் விழும் என்று பாருங்கள். கோவில் தரையா, சர்ச் படியா, கடற்கரை மணலா, பட்டுப் புடவையா? நம் கல்யாணத்தில் இந்த நான்கும் இருக்கின்றன, நான்குக்கும் ஒரே பதில் சரிவராது.

முதலில் அந்த மினுமினுப்புப் பாக்கெட்டைப் பார்ப்போம். அது தாள் மாதிரி தெரிந்தாலும் தாள் கிடையாது. தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாக இழுத்து, மேலே அலுமினியம் பூசி, நட்சத்திரமாகவும் இதயமாகவும் வெட்டியது. மணலில் விழுந்தால் பொறுக்கவே முடியாது, காற்றில் கடலுக்குப் போனால் கரையாது, இன்னும் சின்னச் சின்னத் துண்டாக உடைந்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரிப் பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனைக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது இதனால்தான். நம் ஊரிலும் 2021 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சு குழல் எல்லாம் தடையாகி, கல்யாண வீடுகள் அதற்குப் பழகியும்விட்டன. தட்டு வேண்டாம் என்று பழகிக்கொண்ட நாம் தட்டை விட ஆயிரம் மடங்கு சின்னதான, கையால் எடுக்கவே முடியாத பிளாஸ்டிக்கைப் பிடி பிடியாக வீசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதில் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவான்த் தெஸ்னி பக்கத்துப் பவளப் பாறையில் ஏறி நின்றது, ஆகஸ்ட் முதல் வாரத்தில் எண்ணெய் கசிந்து கடல் கறுத்துப்போனது. பக்கத்திலேயே புளூ பே கடல் பூங்கா, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2008 முதல் இருக்கிற இடம். அப்போது மாயேபூர் கரையில் சனங்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, தைத்து, நீள நீளமாகக் கோத்து எண்ணெயைத் தடுக்கக் கடலில் விட்டார்கள். தமிழர், கிரியோல், முஸ்லிம், சீனர் என்று பார்க்காமல் தீவு முழுக்க ஆட்கள் வந்தார்கள். அந்தச் சனங்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. அதே ஆட்கள் கூடி நிற்கிற கல்யாணத்தில் அதே கடலில் போய்ச் சேருகிற பிளாஸ்டிக்கை எப்படி வீசுவது?

அப்படியானால் காகிதம்? காகிதக் கன்ஃபெட்டி பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தாலியில் கார்னிவல் ஊர்வலத்தில் அந்தக் காலத்தில் சர்க்கரை பூசிய கொத்தமல்லி விதையும் பாதாமும் வீசினார்களாம், அது விலை அதிகம், மேலே பட்டால் வலியும்கூட. 1870களில் மிலான் பக்கத்தில் பட்டுத் தொழில் செய்தவர்கள் பட்டுப்புழுத் தட்டுகளுக்கு விரிக்க ஓட்டை போட்ட தாள்களைப் பயன்படுத்தினார்கள். ஓட்டை போடும்போது விழுந்த வட்டத் துணுக்குகள் குப்பையாகக் கிடந்தன, அதை அள்ளி ஊர்வலத்தில் வீசினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. வீணாகக் கிடந்ததை எடுத்துக் கொண்டாட்டமாக்கிய யோசனை அது. இன்றைக்குக் கடையில் விற்கிற வண்ணத் தாளில் அந்த யோசனை இல்லை. டிஷ்யூ தாளின் சாயம் ஈரம் பட்டால் இறங்கும். வியர்த்த கழுத்தில் ஒட்டிய சிவப்புத் துணுக்கு அரக்குப் பட்டில் தெரியாது, சந்தன நிறப் பட்டிலும் சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளை கவுனிலும் நிரந்தரமாகத் தெரியும். க்யூர்பிப் பக்கம் கல்யாணம் என்றால் காகிதத்தை மறந்தேவிடுங்கள், அந்த ஊர்ச் சாரலில், தூவுவதற்காகப் போட்டுக் கையில் கொடுக்கிற தாள் கூம்புக்குள்ளேயே களியாகிவிடும். காகிதம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வெள்ளை அல்லது பழுப்புத் தாள், சாயம் இல்லாதது, கூரை உள்ள இடத்தில் மட்டும், முடிந்ததும் கூட்டி அள்ள ஆள் வைத்துக்கொண்டு.

"மக்கும்" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோள மாவிலிருந்து செய்கிற பிளாஸ்டிக் ஒன்று இருக்கிறது, பிஎல்ஏ என்பார்கள், அது மக்குவது உண்மைதான், ஆனால் ஆலையில் ஏறக்குறைய 60 டிகிரிச் சூட்டில் உரமாக்கும்போது மக்கும். நம் கடல் 30 டிகிரியைத் தாண்டுவதே அரிது, அதில் கிடந்தால் பழைய பிளாஸ்டிக் மாதிரியேதான் கிடக்கும். உங்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம்: ஒரு துணுக்கைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் வையுங்கள். அரிசி மாவுத் தாள் என்றால் கரைந்துவிடும், மற்றது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும்.

நம்மிடம் அட்சதை இருக்கும்போது இவ்வளவு தேட வேண்டுமா என்று அம்மா கேட்டார். கோவில் பகுதிக்கு அம்மா சொல்வதுதான் சரி, அங்கே வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அட்சதையையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது என் வருத்தம். முனை முறியாத பச்சரிசி வேண்டும். இங்கே சுலபமாகக் கிடைப்பது பாஸ்மதி, முழு மணியாகப் பார்த்து வாங்கி, முறத்தில் குருணை நீக்கிக்கொண்டால் போதும். அரைக் கிலோவுக்கு அரை மேசைக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு சின்னக் கரண்டி நெய், கையால் பிசிறி நிழலில் உலர்த்த வேண்டும். நெய் கூடினால் கட்டிக் கட்டியாக ஒட்டும், தண்ணீர் விட்டுப் பிசிறினால் சரியாக உலராமல் இரண்டு நாளில் நாற்றம் வரும். நூறு பேருக்கு இந்த அரைக் கிலோவே தாராளம், ஏனென்றால் அட்சதை என்பது மூன்று விரலால் எடுக்கிற அளவு. கையள்ளி எறிவது அதற்குரிய முறையே இல்லை.

கெட்டிமேளம் கேட்டதும் பின்வரிசையில் இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசுகிறார்கள், அது பாதி முன்வரிசைப் பாட்டிகளின் தலையில், பாதி ஓமத்தில், மீதி குருக்களின் முதுகில். மணமக்களுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. தாலி ஏறியதும் பெரியவர்களிலிருந்து தொடங்கி வரிசையாக மேடைக்குப் போய், கண்ணைப் பார்த்து, தலையில் போட்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு இறங்கினால் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். இதை என் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளைத் தாம்பாளத்தோடு நிறுத்தி வைப்பதாகச் சொல்கிறார். இன்னொன்று, டைல்ஸ் தரையில் சிதறிய அரிசி காலடியில் உருளும். வயதானவர்கள் இறங்குகிற படியை யாராவது உடனே கூட்டிவிட வேண்டும். துணியில் மஞ்சள் பட்டால் பதறித் தேய்க்க வேண்டாம், துவைத்து வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும். பட்டை மட்டும் ரொம்ப நேரம் வெயிலில் விடாதீர்கள்.

அரிசியைத் தின்ற பறவை வயிறு வீங்கிச் செத்துப்போகும் என்று மாப்பிள்ளையின் தங்கை கவலைப்பட்டார். அன்போடு கேட்ட கேள்வி, அதனால் தேடிப் பார்த்தேன். இந்தப் பயத்தில் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 1985-இல் கல்யாணத்தில் அரிசி வீசக் கூடாது என்று ஒரு மசோதாவே வந்திருக்கிறது. அப்புறம் கென்டக்கி பல்கலைக்கழக உயிரியல் ஆசிரியர் ஒருவர் மாணவர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்து 2005-இல் எழுதினார், சாதாரண அரிசியால் பறவைக்கு ஆபத்து இல்லை. வயலில் நெல் தின்னும் பறவைகளைப் பார்த்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. அரிசியை வீணாக்குகிறோமே என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தத் தீவுக்கு அரிசி பெரும்பாலும் கப்பலில் வருகிறது. அதனால்தான் கோவிலில் மூன்று விரல் அளவு அட்சதை போதும், சர்ச் வாசலிலும் ஹோட்டலிலும் அரிசி வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

சர்ச் படிக்குப் பூவிதழ். குவாத்ர் போர்னைப் பூக்களின் ஊர் என்று சொல்வதுண்டு, அந்த ஊரில் கல்யாணம் வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து காய்ந்த இதழ் வரவழைப்பது அநியாயம். சாமந்தி இதழ் லேசானது, நன்றாகப் பறக்கும், படத்தில் பொன் மாதிரி விழும். ஆனால் மிதிபட்டால் மஞ்சள் கறை. ரோஜா இதழ் கனம், ஈரமாக இருந்தால் கொத்தாக விழும், மிதித்தால் வழுக்கும், வெளிர்க் கல் தரையில் பழுப்புக் கறை விடும். எனக்குப் பிடித்தது காகிதப் பூ. போகன்வில்லா என்று மதிலோரம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே, அதுதான். அதில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் வண்ண இலை, அதனால் தண்ணீர்ச் சத்து குறைவு, சீக்கிரம் காய்கிறது, காய்ந்தாலும் நிறம் பெரும்பாலும் நிற்கிறது, கறை விடுவது குறைவு, விலையும் இல்லை. நம் மழை குறைந்த குளிர் மாதங்களில்தான் அது கொட்டிப் பூக்கிறது, ஆவணிக்குச் சரியாக வரும். வெயில் ஏறியதும் பறித்து, பழைய செய்தித்தாளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில் சில நாள் விட்டு, காற்றுப் போகிற அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் வேர்த்துக் கறுத்துவிடும். ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய இதழ் ஏறக்குறைய பத்துக் கைப்பிடி, அந்தக் கணக்கில் சேருங்கள். முக்கியமாக, அரளியைச் சேர்க்காதீர்கள். சாமிக்குக் கட்டுகிற பூதானே என்று எடுத்துவிடத் தோன்றும், ஆனால் அது விஷம், வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருள் இல்லை. ஆவணியில் விநாயகர் சதுர்த்தியும் வருகிறது, அந்த வாரம் சாமந்திக்குப் போட்டி இருக்கும், விலையைக் கேட்டுவிட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் பிடித்துப்போனது பதமியே இலை. நாட்டு வாதுமை என்று தமிழ்நாட்டில் சொல்கிற மரம், இங்கே கடற்கரை முழுக்க நிற்கிறது. உதிரும் முன் இலை சிவப்பு, செம்மஞ்சள், ஊதா என்று மாறும். புதிதாக விழுந்த இலையை எடுத்து, துடைத்து, அலுவலகத்தில் தாளுக்கு ஓட்டை போடுகிற அந்தப் பஞ்ச் கருவியை வைத்துக் குத்தினால் வட்டம் வட்டமாக விழுகிறது. பூ வடிவத்திலும் இதய வடிவத்திலும் குத்துகிற பஞ்ச் கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. ரொம்பக் காய்ந்த இலை பொடியும், ரொம்பப் பச்சை என்றால் கத்தி சிக்கும், விழுந்து ஒரு நாள் ஆனது பதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துவிட்டால் கதை பேசிக்கொண்டே கிண்ணம் கிண்ணமாக நிறைத்துவிடுகிறார்கள். கீழே கிடந்ததை எடுத்து வட்டமாகக் குத்துவது, மிலான்காரர்கள் செய்த அதே வேலைதான். கடற்கரையில் விழுந்தாலும் அந்த மரம் தானாக உதிர்க்கிற இலையோடு கலந்துவிடும். ஹோட்டல்காரர்களிடம் ஒரு கைப்பிடி கொண்டுபோய்க் காட்டினோம், புல்தரையில் தூவலாம், நீச்சல் குளத்துப் பக்கம் கூடாது என்றார்கள். நியாயமான பேச்சு. எழுதி வாங்கிக்கொண்டோம்.

விதைக் கன்ஃபெட்டி என்று ஒன்று இப்போது பிரபலம், தாளுக்குள் காட்டுப்பூ விதை வைத்து, விழுந்த இடத்தில் செடி முளைக்கும் என்று விற்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. தயவுசெய்து இந்தத் தீவில் அதைச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து வந்த செடிகள் பரவித்தான் நம் சொந்தக் காடு இத்தனை சுருங்கிப்போனது, நாம் ஆசையாகப் பறித்துத் தின்கிற சீனக் கொய்யா கூட அப்படி வந்து காட்டை அடைத்த மரம்தான். நல்ல நிலையில் இருக்கிற பழைய காடு இன்று தீவின் பரப்பில் 2 சதவீதம்கூடத் தேறாது. ஈல் ஓ செக்ரெட் தீவில் களையைப் பிடுங்கிப் பிடுங்கிப் பழைய மரங்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள், எந்த ஊர் விதை என்றே தெரியாததை நாம் இங்கே வீசக் கூடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சோப்புக் குமிழி பிள்ளைகளுக்குச் சந்தோஷம், ஆனால் பட்டில் புள்ளி விழும், கல் தரையில் வழுக்கும், புல்தரையில் மட்டும் சரி. கம்பி மத்தாப்பு நீளப் புடவைக்கும் கூந்தல் பூவுக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், அதன் சூடு ஆயிரம் டிகிரியைத் தொடும். பலூன் பறக்கவிட்டால் நாலு பக்கமும் கடல், எங்கே விழும் என்று சொல்லவே தேவையில்லை. வண்ணத்துப்பூச்சியைப் பெட்டியில் அடைத்துத் திறந்துவிடுவது பாவம்.

தூவாமலே கொண்டாடுகிற ஒரு வழியை மாப்பிள்ளையின் மாமா சொன்னார், அதுதான் இந்தக் கல்யாணத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. மரவான். இந்தத் தீவின் சேகா என்கிற பாட்டும் ஆட்டமும் நடக்கும்போது ரவான் என்கிற தோல் மேளத்தோடு சேர்த்து ஆட்டுவார்களே, கரும்புப் பூவின் தண்டை வரிசையாகக் கட்டிப் பெட்டி மாதிரி செய்து உள்ளே விதை போட்டது, ஆட்டினால் கூரையில் மழை பெய்கிற சத்தம் வரும். சேகா திப்பிக், அதாவது பழைய முறை சேகா, 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து பிள்ளைகளும் ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்கள். மாமா தானே சின்னச் சின்ன மரவான் செய்து தருகிறேன் என்கிறார். சாயங்காலம் மணமக்கள் கடற்கரைப் பக்கம் நடந்து வரும்போது இரண்டு வரிசையாக நிற்கிற அத்தனை பேரும் அதை ஆட்டப் போகிறோம். நம் பெரியவர்கள் வேலை செய்த கரும்புக் காட்டிலிருந்து வந்த பொருள், அவர்கள் பெரியவர்கள் வாசித்த வாத்தியம். யார் வீட்டு முறை என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றை இரண்டு வீடும் சேர்ந்து கையில் பிடிப்பதை நினைத்தாலே எனக்கு நிறைவாக இருக்கிறது.

போட்டோ விஷயம் பாக்கி. ஆவணியில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம், தூவியது அப்படியே தூவியவர் முகத்துக்குத் திரும்பும். மேற்குக் கரையான ஃபிளிக் அன் ஃபிளாக் கொஞ்சம் மறைவு, இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் என்று அன்றைக்குப் பார்த்துவிட்டு, மணமக்களின் முதுகுப் பக்கத்திலிருந்து காற்று வருகிற மாதிரி நடக்க வைக்க வேண்டும். தூவுகிறவர்கள் முகத்தைப் பார்த்து எறியாமல் தலைக்கு மேலே உயர்த்தி விட வேண்டும். எல்லோரும் ஒரே நொடியில் வீசினால் ஒரே படத்தோடு தீர்ந்துவிடும், வாசலிலிருந்து வரிசை கடைசி வரை நடக்க நடக்க ஒவ்வொரு ஜோடியாகத் தூவினால் படக்காரருக்கு நிறைய வாய்ப்பு. படக்காரரிடம் நொடியில் 500-இல் ஒரு பங்கு வேகத்துக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இதழ்கள் கோடு கோடாகத் தெரியும். இதழை வைக்கும் கூம்பைக் கையில் முன்பே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் சர்ச்சுக்குள்ளேயே கொட்டிவிடுவார்கள், வாசலில் கூடையோடு இருவர் நின்று வெளியே வரும்போது கொடுப்பதுதான் வசதி. கூம்புக்குப் பழைய பாடப் புத்தகத் தாளே போதும்.

சர்ச்சில் இன்னும் அனுமதி கேட்கவில்லை, அடுத்த வாரம் ஃபாதரைப் பார்க்கப் போகிறோம். படியைக் கூட்டித் தருவது எங்கள் பொறுப்பு, அள்ளியதை எங்கள் வீட்டு உரக்குழியில் போடுவோம் என்று முதலிலேயே சொல்லிவிடப் போகிறேன். தீவின் குப்பை ஏறக்குறைய எல்லாம் மார் சிக்கோஸ் என்ற ஒரே கிடங்குக்குத்தான் போகிறது, அங்கே ஒரு கூடைப் பூவிதழ்கூட நம்மால் போக வேண்டாம். உங்கள் வீட்டில் காகிதப் பூ வெள்ளை நிறத்தில் பூக்கிறதா? எங்கள் தெருவில் சிவப்பும் ஊதாவும்தான் இருக்கின்றன, மகள் வெள்ளையும் கலந்து கேட்கிறாள். ரோஸ் ஹில், பொ பாசன் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கூடையோடு நானே வந்து பறித்துக்கொள்கிறேன்.